பார்சலில் போன கதிரியக்கப் பெட்டி காணவில்லை: யார் பொறுப்பு?

கேள்வி: திருச்சியில் சிறிய பார்சல் சர்வீஸ் நடத்துகிறேன். ஒரு கம்பெனி ‘டெஸ்டிங் கருவி’ என்று எழுதி, தூத்துக்குடிக்கு ஒரு பெட்டியை புக் செய்தது. மதுரை குடோனில் லோடு மாற்றும்வரை பெட்டி இருந்தது. தூத்துக்குடியில் இறக்கும்போது இல்லை. அதைச் சொன்ன பிறகுதான், உள்ளே இருந்தது இரிடியம் என்ற கதிரியக்கப் பொருள் வைத்த ஆர்.டி. (ரேடியோகிராபி டெஸ்டிங்) கேமரா என்கிறார்கள். “போலீசுக்குப் போகாதீர்கள், நாங்களே தேடிக்கொள்கிறோம். கிடைக்காவிட்டால் முழு விலையையும் நீங்கள்தான் தர வேண்டும்” என்கிறார்கள். என்னைக் கைது செய்வார்களா?

பதில்: கடிதம் கிடைத்ததும் போனில் சொன்னதுதான்: உடனே போலீசுக்குப் போங்கள். இதே தொழிலில் இருப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் காரணத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படம்பிடித்துச் சோதிக்கும் அந்தக் கேமரா பூட்டியபடி இருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. ஆனால் கதிர்வீச்சைத் தடுக்கும் உலோகக் கவசத்தால் அது கையடக்கமாக இருந்தாலும் பெரும்பாலும் 20 கிலோவுக்கு மேல் கனக்கும். திருடியவன் அதை நேராகப் பழைய இரும்புக் கடைக்குத்தான் கொண்டுபோவான். அங்கே உடைத்தால் வெளியே வருவது விரல் நீளம்கூட இல்லாத ஒரு சோர்ஸ், அதாவது கதிர்வீச்சை வெளியிடும் இரிடியம் அடைத்த சிறு உலோகத் துண்டு. 1999இல் பெரு நாட்டின் யனாங்கோவில், ஒரு வெல்டர் அப்படிக் கீழே கிடந்த இரிடியம் சோர்ஸை எடுத்து பேண்ட் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஒரு காலையே எடுக்க வேண்டியதாயிற்று. 2010இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில், பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட கோபால்ட் கருவியைப் பிரித்ததில் ஒரு தொழிலாளி இறந்தார். அது என்ன பொருள் என்று பிரித்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இரிடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 74 நாள் ஆகும். காத்திருந்து பார்க்கலாம் என்பதற்கு இங்கே இடமே இல்லை.

சட்டத்துக்கு வருவோம். 2007ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, சரக்கு ஆபத்தானது என்றால் அதை அனுப்புபவர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். தவறாகவோ அரைகுறையாகவோ எழுதி, அதனால் உங்களுக்கு நஷ்டம் வந்தால் அதையும் அவரே ஈடுகட்ட வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 131ம் முழு விவரத்தையும் அவர் தர வேண்டும் என்கிறது. கதிரியக்கப் பார்சல் என்றால் மூவிலைச் சின்னம் போட்ட லேபிள், அனுப்புநர் உறுதிமொழி, அவசரகாலக் குறிப்புகள் எல்லாம் கூடவே வந்திருக்க வேண்டும். ‘டெஸ்டிங் கருவி’ என்று மட்டும் எழுதிய எல்.ஆர். (லாரி ரசீது) நகல்தான் உங்களுக்கு இருக்கும் பெரிய சாட்சி. அதில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாதீர்கள். பெட்டியில் அந்தச் சின்னத்தோடு மஞ்சள் லேபிள் ஒட்டியிருந்ததா என்று லோடுமேன்களைக் கேளுங்கள். இருந்தது என்றால் அதையும் மறைக்காதீர்கள்.

ஆனால் உள்ளே இருப்பது தெரிந்த நிமிடத்திலிருந்து உங்களுக்கும் பொறுப்பு வந்துவிட்டது. நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்து யாருக்காவது காயம் பட்டால், அனுப்பியவரின் பொய் உங்களைக் காப்பாற்றாது. பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாக நடந்தது என்று பாரதிய நியாய சன்ஹிதா 125இல் உங்களையும் சேர்ப்பார்கள். அந்தக் கம்பெனிக்கோ, சோர்ஸ் தொலைந்தால் 24 மணி நேரத்துக்குள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சொல்லும் கடமை இருக்கிறது. போலீசுக்குப் போகாதே என்று அவர்கள் தடுப்பது தங்கள் உரிமத்தைக் காப்பாற்றத்தான். அதற்கு நீங்கள் ஏன் பலியாக வேண்டும்?

மதுரையா, தூத்துக்குடியா என்று ஸ்டேஷனில் அலையவிட்டால், எல்லை எதுவானாலும் புகாரை வாங்கியாக வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 173ஐச் சொல்லுங்கள். அப்போதும் மறுத்தால் அதே பிரிவின்படி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். மாவட்டப் பேரிடர் மேலாண்மைக்குத் தலைவர் கலெக்டர் என்பதால் அவருக்கும், மும்பையில் உள்ள ஒழுங்குமுறை வாரியத்துக்கும் அன்றே மெயில் போடுங்கள். பெட்டி கண்ணில் பட்டால் தொடாதீர்கள், திறக்காதீர்கள்; ஆட்களை விலக்கிவிட்டுத் தகவல் மட்டும் சொல்லுங்கள்.

கைது ஆகாது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. குடோனில் உங்கள் ஆட்கள்மேல் சந்தேகம் வந்தால் விசாரணை உங்களிடமும் வரும். பயமிருந்தால் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 482இல் முன்ஜாமீன் கேட்கலாம். தானே முதலில் புகார் கொடுத்தவர் என்பது அங்கே நன்றாக எடுபடும்.

முழு விலை கேட்கிறார்களே, அது அவ்வளவு சுலபமில்லை. சரக்கின் மதிப்பை எழுதிக் கொடுத்துக் கூடுதல் கட்டணம் கட்ட ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, மேலே சொன்ன சாலைவழிச் சரக்குச் சட்டத்தின் 2011 விதிகளின்படி உங்கள் பொறுப்பு பொதுவாக வாடகையின் பத்து மடங்கோடு நிற்கும். திருடியது உங்கள் ஆளே என்று தெரியவந்தால் கதை வேறு. வழக்குப் போடுவதற்கு முன், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் அவர்கள் எழுத்துமூலம் நோட்டீஸ் தர வேண்டும். அது வந்தால் பதில் எழுதாமல், எல்.ஆர்., எப்.ஐ.ஆர். நகல்களோடு ஒரு வக்கீலைப் பாருங்கள்.