உடைந்த பெஞ்சை என்ன செய்யலாம்? வாசகர் கேள்வி – பதில்

குமரி மாவட்டப் பள்ளிகளில் குவிந்து கிடக்கும் பழைய பெஞ்சு, டெஸ்க் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு மரவேலையும் வெல்டிங் வேலையும் தெரிந்தவர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: அரசுப் பள்ளியின் பின்புறம் நாற்பதுக்கும் மேற்பட்ட உடைந்த பெஞ்சுகள் மழையில் கிடக்கின்றன. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து எடுத்துச் சரிசெய்து கொடுக்கலாமா? – வாசகர், மார்த்தாண்டம்

தாராளமாகச் செய்யலாம். ஆனால் டெம்போவைக் கொண்டுபோய் ஏற்றிவிட முடியாது. கால் போன பெஞ்சும் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஓர் எண்ணாக நிற்கிறது. காணாமல் போனால் தணிக்கையில் தலைமையாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். வளாகத்துக்குள்ளேயே வேலை செய்வது எல்லோருக்கும் நல்லது. எத்தனை பெஞ்சு, யார் செலவு, எந்தத் தேதிக்குள் என்று எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டுக்கொள்ளுங்கள். பட்டறைக்குக் கொண்டுபோவதானால் எண்ணிக்கையும் திரும்ப வரும் நாளும் குறித்த அனுமதிக் கடிதம் கையில் இருக்கட்டும். இனிப் பயன்படாது என்று கண்டம் செய்து ஏலம் விடுவது வேறு வழி. அதற்குக் கல்வி அலுவலரின் உத்தரவு வேண்டும். உதவி பெறும் பள்ளி என்றால் நிர்வாகத்திடம் பேசுங்கள், அரசுப் பணத்தில் வாங்கியவை எவை என்பதை முதலில் பதிவேட்டைப் பார்த்துப் பிரித்துவிட்டு. மரத்தைத் தொடாமல் பணமாகத் தர விரும்புகிறவர்களுக்கு, 2022-ல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் இருக்கிறது.

அனுமதி வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். பெஞ்சுகளைக் கூரைக்கு அடியில், செங்கல் மேல் தூக்கி வைத்துக் காயவிடுங்கள். ஈர மரத்தில் பொருத்திய பொருத்து, காய்ந்ததும் சுருங்கி மறுபடி ஆடும். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் நம்முடையது. ஏப்ரல் கடைசியில் தொடங்கி இடவப்பாதிக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, முன் முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

காய்ந்தபின் மூன்றாகப் பிரியுங்கள்: பொருத்து மட்டும் ஆடுவது, பலகை உடைந்தது, கால் உளுத்தது. மூன்றாவது குவியலைத் தூக்கி எறியாதீர்கள். அதில்தான் முதலிரண்டுக்கும் வேண்டிய பலகையும் சட்டமும் இருக்கின்றன. பழைய அயினி (காட்டுப் பலா) மரப் பலகை கிடைத்தால் விடவே விடாதீர்கள். இன்றைய விலைக்கு அதைப் புதிதாக வாங்கிக் கட்டாது. எண்ணுவதையும் அளந்து எழுதுவதையும் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். ரம்பமும் இயந்திரமும் பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது.

கேள்வி: ஆசாரியைக் கூப்பிட்டு ஆணி அடித்தோம். மூன்றே மாதத்தில் எல்லா பெஞ்சும் பழையபடி ஆடுகின்றன. ஏன்? – ஆசிரியை, தக்கலை

அந்த ஆணியால்தான். நான்கு பிள்ளைகள் ஒரே பக்கம் சாயும்போது காலுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள பொருத்து திறக்கிறது. ஆணி அதை இறுக்கிப் பிடிப்பதில்லை. ஆணியைச் சுற்றியே சட்டம் ஆடி, ஓட்டையைப் பெரிதாக்குகிறது. போதாக்குறைக்கு நம் காற்றின் ஈரத்தில் ஆணி துருவேறிப் பருத்து, துளைக்குள் செருகியிருக்கும் சட்டத்தின் நுனியை, அதாவது நாக்கை, பிளந்துவிடுகிறது.

எனவே முதல் வேலை ஆணியைப் பிடுங்குவது. கொறடுக்கு அடியில் ஒரு சிறு கட்டையை வைத்து நெம்பினால் பலகையில் பள்ளம் விழாது. பிறகு கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) தட்டிப் பொருத்தைக் கழற்றுங்கள். அடி நேராக மரத்தில் படாமல் இடையில் ஒரு கட்டை இருக்கட்டும். நாக்கிலும் துளைக்குள்ளும் ஒட்டியிருக்கும் பழைய பசையை உளியால் மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம் இது. வெள்ளைப் பசை மரத்துக்குள் ஊறித்தான் பிடிக்கும். பழைய பசையின் மேல் பூசினால் தோல் மாதிரி உரிந்துவிடும்.

நாக்கு துளைக்குள் லொடலொடவென்று இருந்தால் பசையை அள்ளிக் கொட்டி இடைவெளியை நிரப்பப் பார்க்காதீர்கள். பசை காயும்போது சுருங்கும். நாக்கின் இரு பக்கமும் 1 மில்லிமீட்டர் மரச் சீவலை ஒட்டி, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்துப் பொருத்திப் பாருங்கள். கையால் தள்ளினால் முக்கால்வாசி போக வேண்டும், மிச்சம் கொட்டாப்புளியின் தட்டுக்குப் போக வேண்டும். அதுதான் சரியான இறுக்கம்.

இரண்டு பக்கமும் பசை பூசிச் சேர்த்தபின், கால்களைச் சுற்றிக் கயிற்றை இரண்டு சுற்றுக் கட்டி, நடுவில் ஒரு கம்பை நுழைத்து முறுக்குங்கள். விலை கொடுத்து வாங்கும் கிளாம்ப் செய்யும் வேலையை இது செய்யும். முறுக்கியதும் டேப்பை எடுத்து மூலைக்கு மூலை இரு குறுக்களவையும் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் பெஞ்சு கோணலாக நிற்கிறது. பசை ஈரமாக இருக்கும்போதே நீளமான மூலையைத் தட்டி நேராக்கிவிட வேண்டும். 24 மணி நேரம் அசைக்காதீர்கள், மழைக்காலமானால் இரண்டு நாள். கடைசியில் பொருத்தின் குறுக்கே 8 மில்லிமீட்டர் துளை போட்டு, அதே கனத்தில் மர ஆணி அடியுங்கள்.

இன்னொன்று: கால்களைக் கீழே இணைக்கும் சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் மிதித்து மிதித்து முதலில் போவது அதுதான். அது இல்லாத பெஞ்சுக்கு எந்தப் பசையும் நிற்காது. 2 அங்குல அகலம், 1 அங்குலக் கனமுள்ள சட்டம் போதும்.

கேள்வி: ரப்பர் மர பெஞ்சுகளில் ஊசித் துளைகள், அடியில் மாவு கொட்டுகிறது. சிதல் (கறையான்) மருந்து அடிக்கலாமா? – வாசகர், குலசேகரம்

சிதல் மண் கொண்டுவந்து கூடு கட்டும். மாவு கொட்டினால் அது மரத்தைத் துளைக்கும் வண்டு. மற்ற மரங்களில் வெளிப்புற வெள்ளையை மட்டும் தின்று, நடுவிலுள்ள கெட்டியான வைரத்தை விட்டுவைக்கும். ரப்பர் மரத்தில் தனியாக வைரம் என்று ஒன்று இல்லாததால் முழுப் பலகையும் அதற்கு இரைதான். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்டால் அந்தப் பலகையை அன்றே அப்புறப்படுத்துங்கள், மற்றவற்றோடு அடுக்காதீர்கள்.

ணங்கென்று கேட்டால் காப்பாற்றலாம். 10 லிட்டர் வெந்நீரில் 300 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 200 கிராம் போரிக் அமிலம் கரைத்து, பெயின்ட் நீக்கிய மரத்தில் பிரஷால் மூன்று முறை ஊற ஊறப் பூசுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. பெயின்ட் மேல் பூசினால் ஒரு சொட்டும் உள்ளே போகாது. இந்த மருந்து தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும். ஆகவே நன்றாகக் காய்ந்ததும் வார்னிஷோ பெயின்ட்டோ அடித்து மூடிவிட வேண்டும்.

கேள்வி: இரும்பு டெஸ்க்குகளுக்குப் போன வருடம்தான் பெயின்ட் அடித்தோம். கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. – ஆசிரியர், குளச்சல்

உப்பின் மேல் அடித்திருப்பீர்கள். கடற்காற்று படியவிட்ட உப்பு பெயின்ட்டுக்கு அடியில் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். முதலில் நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வையுங்கள். பிறகு கம்பி பிரஷ், 80-ஆம் எண் உப்புத்தாள், தின்னர் நனைத்த துணி. தேய்த்த அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்தாக வேண்டும். ஓர் இரவு விட்டாலும் துரு மறுபடி பூக்கும். மறுநாள் முதல் எனாமல், இரண்டு பூச்சு. ஒரு லிட்டர் பிரைமர் 10, 12 சட்டகங்களுக்கு வரும்.

கால் நுனியில் புஷ் என்ற மூடி இல்லாவிட்டால் தரை கழுவும் தண்ணீர் குழாய்க்குள் ஏறி உள்ளிருந்தே அரிக்கும். அப்படி அரித்த இடத்தில் வெல்டிங் வைத்தால், 18 கேஜ் தகடு 1.2 மில்லிமீட்டர்தான், பொத்துக்கொள்ளும். அரித்த துண்டை அறுத்தெடுத்து, உள்ளே நுழையும் சிறிய குழாயை வைத்துப் புதுத் துண்டைச் சேருங்கள். நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, இப்படிப்பட்ட வேலைக்குத் தலைமையாசிரியர் மூலம் கடிதம் கொடுத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: பழைய பெயின்ட்டை மாணவர்களை வைத்துச் சுரண்டலாமா? – வாசகி, தோவாளை

கூடாது. வீட்டு பெயின்ட்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில், குறிப்பாக மஞ்சள், பச்சை, சிவப்பில், ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள், பள்ளி விடுமுறையில், தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். தூசியைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்து, சுரண்டலைச் சாக்கில் கட்டி அகற்றுங்கள். பெயின்ட் அடித்த கட்டைகளைச் சத்துணவு அடுப்பில் எரிக்கவே கூடாது.

கேள்வி: பெரிய வகுப்பு பெஞ்சைக் காலை அறுத்து ஒன்றாம் வகுப்புக்குக் கொடுக்கலாமா? – வாசகர், அகஸ்தீஸ்வரம்

கொடுக்கலாம். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு உட்காரும் உயரம் 31 சென்டிமீட்டர், டெஸ்க் 53 சென்டிமீட்டர். மூன்று முதல் ஐந்து வரை 35, 59. ஒரு பிள்ளையை உட்கார வைத்துப் பாருங்கள்: பாதம் முழுதும் தரையில் பட வேண்டும். ஒவ்வொரு காலையும் தனித்தனியாக அளந்து அறுத்தால் நான்கும் நான்கு விதமாக வரும். குறைக்க வேண்டிய உயரத்துக்கு ஒரு கட்டையை வெட்டி, சமமான தரையில் நிறுத்திய பெஞ்சின் நான்கு கால்களையும் சுற்றி அந்தக் கட்டையின் மேல் பென்சிலை வைத்துக் கோடு இழுங்கள். கீழ்ச் சட்டம் தரையை உரசும் என்றால், அறுக்கும் முன்பே அதை மேலே ஏற்றிப் பொருத்துங்கள். அறுத்த நுனி தண்ணீரை வைக்கோல் போல உறிஞ்சும். இரண்டு பூச்சு பெயின்ட் ஊறவிட்டு, காய்ந்ததும் ரப்பர் புஷ் மாட்டிய பிறகே வகுப்புக்குள் கொண்டுபோங்கள்.