ஆப்பிள் ரகங்களை டெஸ்ட் பண்ணவே அரசாங்கம் தோட்டம் வெச்சிருந்துச்சா?

ஆமாங்க, இங்கிலாந்துல கென்ட் பக்கம் பிராக்டேல்னு ஒண்ணு. 1922ல விஸ்லிங்கற ஊர்ல அந்த நாட்டு ராயல் தோட்டக்கலை சங்கமும் விவசாய அமைச்சகமும் சேந்து ஆரம்பிச்சது, 1950கள்ல பிராக்டேலுக்கு மாத்துனாங்க. புது ரகத்த பழைய ரகத்தோட சேத்து நட்டு, எப்ப பூக்குது, எவ்ளோ காய்க்குது, சொறி நோய் தாங்குமான்னு வருஷக்கணக்கா எழுதி வெப்பாங்க. 1990 வாக்குல அரசு அந்த ஆராய்ச்சி நிலையத்த மூடிருச்சு, ஆனா மரங்கள் தப்பிச்சுது, இன்னைக்கும் 2,000க்கு மேல ஆப்பிள் ரகம் நிக்குது. அதுதாங்க பெரிய விஷயம், ஏன்னா விதை போட்டா அதே ரகம் வராது, மரத்துலருந்து குச்சி எடுத்து ஒட்டுக் கட்டித்தான் ஆகணும், மரம் போச்சுன்னா ரகமே போச்சு.

நம்ம மூணாறு பக்கம் காந்தல்லூர், வட்டவடைல நடுறவங்க மொதல்ல குளிர் தேவைய, அதாவது பூக்குறதுக்கு முன்னாடி மரத்துக்கு எவ்ளோ நேரம் குளிர் வேணும்ங்கறத பாருங்க. 7 டிகிரிக்குக் கீழ ஆயிரம் மணி நேரம் கேக்குற ரகம் இங்க சரியா பூக்காது, அன்னா மாதிரி கம்மி குளிர் ரகமா வாங்குங்க.