மழை பெய்தும் வறட்சியா? இராமநாதபுரத்துக் கேள்விகளும் பதில்களும்

கண்மாய் எனப்படும் ஏரிப் பாசனம், மழையை மட்டும் நம்பிய மானாவாரி விவசாயம் இரண்டோடும் நெடுநாள் பழகியவன் என்பதால், வறட்சி பற்றி நண்பர்கள் கேட்டதற்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, எத்தனை நாள் மழை இல்லாவிட்டால் வறட்சி என்பார்கள்?

நாள் கணக்கு கிடையாது தம்பி. அந்த இடத்துக்கு வழக்கமாகக் கிடைக்கும் மழையோடு ஒப்பிடுவார்கள். 26 முதல் 50 சதவீதம் வரை குறைந்தால் மிதமான வறட்சி, அதற்கு மேல் கடும் வறட்சி. 2016 வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டியது சுமார் 440 மி.மீ. வந்தது 168 தான். 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது.

கேள்வி: எங்கள் பக்கம் ஓரளவு மழை பெய்ததே சார், நெல் ஏன் கருகியது?

எவ்வளவு பெய்தது என்பதை விட எப்போது பெய்தது என்பதுதான் முக்கியம். நம் பக்கம் புழுதி விதைப்பு, அதாவது மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவோம். ஐப்பசி மழையில் பயிர் தலையெடுத்துவிடும். அப்புறம் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வானம் பொய்த்தால் கதிர் நிமிர்ந்தே நிற்கும். கையில் உருவிப் பாருங்கள், மணி இருக்காது, அத்தனையும் சாவி, அதாவது பதர். கண்மாயில் தண்ணீர் கிடந்தால் அந்த நேரத்தில் மடையைத் திறந்து ஒரு தண்ணீர் விட்டுப் பிழைக்க வைத்துவிடலாம். ஆனால் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் முழுக்கச் சீமைக் கருவேல் மண்டிக் கிடந்தால், பெய்த மழையும் கண்மாய்க்கு வந்து சேராது. வானத்தை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: எல் நினோ வந்தால் நமக்கு வறட்சி நிச்சயமா?

இல்லை. பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தை விடச் சூடாவதைத்தான் எல் நினோ என்கிறார்கள். அந்த ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழைதான் பெரும்பாலும் குறையும். காவிரி பிறக்கும் குடகில் மழை குறைந்தால் மேட்டூருக்கு வரத்து குறைந்து டெல்டா தவிக்கும். நமக்குக் கை கொடுக்கும் வடகிழக்குப் பருவமழையோ எல் நினோ ஆண்டுகளில் பல முறை நன்றாகவே பெய்திருக்கிறது.

கேள்வி: அண்ணா, விவசாயம் செய்யாத எங்களுக்கு என்ன பாதிப்பு?

குடிநீர்தான் அம்மா. ஊரணி வற்றியதும் பிளாஸ்டிக் குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவது பெரும்பாலும் பெண்கள்தான். ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாக இறக்கினால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. விவசாயக் கூலி வேலையும் நின்றுவிடும். விறகை எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம் போடவும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள், பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்கும்.

கேள்வி: பறவைகள், ஆடுமாடுகள்?

சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்கள் எல்லாம் கண்மாய்கள்தான். தண்ணீர் இல்லையென்றால் மீன் இல்லை, நாரைகள் கூடு கட்டாது. வைக்கோல் கிடைக்காமல் மாட்டை வந்த விலைக்கு விற்றவர்கள், அடுத்த வருடம் மழை பெய்தாலும் உடனே மாடு வாங்க முடிவதில்லை.

கேள்வி: பயிர்க் காப்பீடு கட்டியும் பணம் வரவில்லையே?

வறட்சிக்கு உங்கள் வயலை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை. கிராம அளவில் அறுவடைச் சோதனை நடத்தி, சராசரி விளைச்சல் எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறார்கள். சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் வரைதான் நம் பங்கு, அதனால் கட்டாமல் விடாதீர்கள். கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் பயிரும் சர்வே எண்ணும் சரியாக இருக்கிறதா என்று, கட்டுவதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துவிடுங்கள்.