பழைய 100 கிலோவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 34. முழங்கால் ஜவ்வு (ஏசிஎல்) அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. முன்பு 100 கிலோ ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) போடுவேன். இப்போது 40 கிலோவே சிரமம். உடல் எடை 74-லிருந்து 83 ஆகிவிட்டது. மூன்று மாதத்தில் இரண்டையும் பழையபடி கொண்டுவர முடியுமா?

பதில்: முடியாது. முதலில் காலைப் பாருங்கள், எடை பின்னால் வரட்டும்.

அந்த 40 கிலோவைக்கூட நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு காலிலும் நின்று ஸ்குவாட் போடும்போது நல்ல கால் கூடுதல் சுமையை வாங்கிக்கொள்ளும், உங்களுக்கே தெரியாது. லெக் பிரஸ் மெஷினில் ஒவ்வொரு காலையும் தனியாகச் சோதியுங்கள். நல்ல கால் 60 கிலோவை எட்டு முறை தள்ளுகிறது, மற்றது 40-ஐத்தான் தள்ளுகிறது என்று வையுங்கள். மூன்று மாதத்தில் அந்த 40 ஐம்பதைத் தொட்டால் நல்ல முன்னேற்றம். திரும்ப விளையாட வேண்டுமென்றால் நல்ல காலின் பலத்தில் பத்தில் ஒன்பது பங்காவது வந்திருக்க வேண்டும், அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பது மாதமும் தாண்டியிருக்க வேண்டும். தசை சீக்கிரம் திரும்பிவிடும்; புதிதாகப் பொருத்திய ஜவ்வு மெதுவாகத்தான் முதிரும். வலி இல்லை என்பதால் அது தயார் என்று அர்த்தமில்லை.

ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஜவ்வோடு சேர்த்து மெனிஸ்கஸையும் (முழங்கால் மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு) தைத்தார்களா? தைத்திருந்தால், எடை வைத்து ஆழமாக உட்காருவதை எப்போது தொடங்கலாம் என்று அறுவை சிகிச்சை செய்தவர்தான் சொல்ல வேண்டும். கிழிந்த ஓரத்தை வெட்டி மட்டும் எடுத்திருந்தால் பெரும்பாலும் அவ்வளவு கட்டுப்பாடு இருக்காது. தைத்ததா, வெட்டியதா என்று கேட்டால் என்னிடம் வருபவர்களில் பலருக்குத் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரியாக இருக்கும். யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். ஓரிரு மணி நேர அறுவை சிகிச்சைக்கு அவ்வளவு ஏற்பாடு, அதன்பிறகான ஒன்பது மாத உழைப்புக்கு ஒரே ஒரு ஜெராக்ஸ் தாள்! எத்தனை வருடமாகச் சொல்கிறோம், மாறவே இல்லை.

அப்புறம் எடை. வாரத்துக்குக் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ குறைந்தால் போதும். மூன்று மாதத்தில் நான்கு கிலோ குறைந்தாலே நல்லது. பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும், அதுவும் நீங்கள் மீட்கப் பாடுபடும் தொடைத் தசை. உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம், அதாவது உங்களுக்குத் தினமும் ஏறத்தாழ 130 கிராம் புரதம் போதும். அன்றாட உணவிலேயே இதை எட்டலாம்.

இதைச் சொல்லக் காரணம், ‘90 நாளில் பழைய உடம்பு’ என்று பேக்கேஜ் விற்பவர்கள் அடிபட்டவர்களைத்தான் முதலில் பிடிக்கிறார்கள். பவுடர் டப்பா விற்றால் கமிஷன் வாங்கும் டிரெயினர்களும் இருக்கிறார்கள். ஃபேட் பர்னர் மாத்திரை பக்கமே போகாதீர்கள். முழங்காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பயிற்சி அட்டவணை நீட்டுபவரிடம் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். அந்த மாதிரி அட்டவணையால் முழங்கால் வீங்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பயிற்சியில் தூக்கும் எடையை எப்போது கூட்டலாம்? பயிற்சி செய்த மறுநாள் காலையில் இரண்டு முழங்காலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீக்கம் இல்லை, முந்தைய நாளைவிட வலி கூடவில்லை என்றால் அடுத்த வாரம் 5 சதவீதம் கூட்டுங்கள். வீங்கியிருந்தால் முந்தைய வாரத்து எடைக்கே இறங்குங்கள். இரண்டு மூன்று நாளாகியும் வீக்கம் வடியவில்லை என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.