பொன்னியின் செல்வனில் வரும் முதன்மந்திரி அநிருத்தப் பிரம்மராயர் நிஜத்தில் வாழ்ந்தவரா? வாளே எடுக்காதவருக்குக் கதையில் என்ன வேலை?

வாழ்ந்தவர்தான். திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள அன்பில் ஊரில் கிடைத்த செப்பேடு, சுந்தர சோழர் இந்த அமைச்சருக்கு நிலம் வழங்கியதைச் சொல்கிறது. குடும்பமே திருவரங்கத்துப் பெருமாள் பக்தர்கள். ஆழ்வார்க்கடியான் மாதிரி ஒரு வைணவரைக் கல்கி இவருக்கு ஒற்றனாக்கியது சும்மா இல்லை.

படத்தில் மோகன் ராமன் நடித்தார். ஆனால் மனிதருக்குக் காட்சிகள் குறைவு. நாவலில் அவரைப் பிடிக்க வேண்டுமென்றால் இரண்டாம் பாகம், 'சுழற்காற்று'. இங்கே சிங்கப்பூரில் நம் நூலகத்தில் தமிழ்ப் பகுதிக்குப் போனால் எடுத்துவிடலாம். புக்கித் தீமாவிலிருந்து பாசிர் ரிஸ் போகும் எம்ஆர்டி ரயில் பயணத்தில் அந்த அத்தியாயங்கள் முடிந்துவிடும். அவற்றில் அவர் ராமேஸ்வரத்துப் பக்கம் உட்கார்ந்துகொண்டு வணிகர்களைப் பார்க்கிறார், படைவீரர்களிடம் பேசுகிறார், அப்படியே இலங்கையில் இருக்கும் இளவரசர் அருள்மொழிக்கு ஆளையும் அனுப்புகிறார். எல்லாம் ஒரே இடத்திலிருந்து!

அவருடைய வேலையே அதுதான். அரசர் படுத்த படுக்கை, கஜானாவும் கோட்டைக் காவலும் அண்ணன் தம்பி சிற்றரசர்களான பழுவேட்டரையர்கள் கையில். நேரே மோதினால் உள்நாட்டுப் போர். அதனால் எல்லாரையும் பேசவிட்டு, தன் மனதில் இருப்பதைக் கடைசிவரை காட்டாமல் காய் நகர்த்துகிறார். என்னைக் கேட்டால் கதாநாயகன் வந்தியத்தேவனைவிட இவர்தான் ஆபத்தான ஆள்.