தார் ஒட்டும் கடற்கரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் அனுப்பும் பயணக் கேள்விகளில், கலிஃபோர்னியாவின் கார்பின்டீரியா கடற்கரை பற்றியவற்றை இந்த இதழுக்காகத் தொகுத்திருக்கிறோம். லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து வடமேற்கே சுமார் 80 மைல். சாண்டா பார்பரா போகும் 101ஆம் எண் நெடுஞ்சாலையில், அந்த ஊருக்கு 12 மைல் முன்னதாகவே வந்துவிடும்.

கேள்வி: போன வருடம் மகள் குடும்பத்தோடு போனோம். அரை மணி நேரத்தில் எல்லார் காலிலும் கறுப்பாகத் தார். சோப்புப் போட்டும் போகவில்லை. உலகமே புகழும் கடற்கரையை இப்படியா எண்ணெய்க் கழிவால் நாசமாக்குவார்கள்? (வாசகி, திருச்சி)

அது கழிவு இல்லை, அந்த மண்ணிலேயே ஊறும் தார். நிலத்தடியிலும் கடலடியிலும் உள்ள பாறை வெடிப்புகள் வழியே கச்சா எண்ணெய் தானாகவே கசிந்து மேலே வருகிறது. இலேசான பகுதி ஆவியாகிப் போக, மிச்சம் கெட்டியாகி, அலையில் உருண்டு கரை சேர்கிறது. மேற்கே கோல் ஆயில் பாயின்ட் பக்கத்துக் கடலடியில் மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 100 பீப்பாய் கசிவதாகக் கணக்கு. உங்கள் சந்தேகத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. 1969 ஜனவரி 28 அன்று இதே கடற்பரப்பில் ஒரு எண்ணெய்த் துரப்பண மேடையில் கிணறு வெடித்துக் கரையெல்லாம் கறுத்தது. அந்த மேடைகளில் சிலவற்றைக் கரையில் நின்றே பார்க்கலாம். ஆனால் தினமும் காலில் ஒட்டுவது பெரும்பாலும் இயற்கைக் கசிவுதான்.

சோப்புக்கு முன்னால் எண்ணெய் போட வேண்டும். தாரைக் கரைப்பது எண்ணெய்தான். கெட்டியாக ஒட்டியதை முதலில் பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்து எடுங்கள். தேங்காய் எண்ணெயோ குழந்தைகளுக்குத் தேய்க்கும் எண்ணெயோ இரண்டு தேக்கரண்டி ஊற்றி இரண்டு நிமிடம் தேய்த்தால் தார் பழுப்பாக இளகும். காகிதத் துண்டால் துடைத்து, மறுபடி எண்ணெய் விட்டுத் துடைத்து, கடைசியில் பாத்திரம் கழுவும் சோப்பு. பெட்ரோல், தின்னர் பக்கம் போகவே கூடாது. தாரோடு தோலும் எரியும். துணியில் பட்டால் பனிக்கட்டி வைத்து இறுகச் செய்து, சுரண்டி எடுத்தபின் எண்ணெய் தடவுங்கள். சேலைக்கரையில் பட்டது முழுதாகப் போவது சந்தேகமே; அங்கே சேலையைத் தவிர்ப்பது நல்லது. எல்லாவற்றையும் வாடகைக் காரில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இருக்கையில் தார் பட்டால் சுத்தம் செய்யும் செலவு உங்கள் தலையில் விழும்.

கேள்வி: அங்கே செவ்விந்தியர்கள் படகு கட்டினார்களாமே? பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா? (வாசகர், கடலூர்)

அவர்கள் சூமாஷ் மக்கள். அந்தப் பெயராலேயே சொல்வோம். இன்றும் அங்கே வாழ்கிறார்கள். சாண்டா யனெஸ் சூமாஷ் குழுவை அமெரிக்க அரசு 1901இல் அங்கீகரித்தது. இன்றைய கடற்கரைப் பூங்கா இருக்குமிடத்தில் மிஷோப்ஷ்னோ என்ற அவர்களுடைய ஊர் இருந்தது. 1769 ஆகஸ்டில் கஸ்பார் தெ போர்த்தோலா தலைமையில் வந்த ஸ்பானியப் படை, ஊரார் படகு கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தது. சிப்பாய்கள் வாயில் அந்த இடம் ‘தச்சுப்பட்டறை’ ஆனது. கார்பின்டீரியா என்றால் அதுதான்.

படகின் பெயர் டோமோல். இதற்காக யாரும் மரம் வெட்டவில்லை. வடக்கேயிருந்து கடலில் மிதந்து வந்த செம்மரக்கட்டைகளை (நம் ஆந்திரச் செம்மரம் அல்ல, ரெட்வுட்) திமிங்கில எலும்பு ஆப்பு வைத்துப் பிளப்பார்கள். கணு இருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் கசியும், அதனால் கணுவில்லாத பலகைகளையே பொறுக்குவார்கள். விளிம்புகளில் கல் துரப்பணத்தால் துளையிட்டு, நார்க்கயிற்றால் பலகையோடு பலகையைக் கட்டுவார்கள். ஆணி கிடையாது. இடுக்குகளில் கோரையைத் திணித்து, மேலே ‘யோப்’ பூசுவார்கள். யோப் என்பது கெட்டித் தாரையும் பைன் மரப் பிசினையும் சேர்த்துக் காய்ச்சிய கலவை. சுறாத்தோலால் தேய்த்து வழவழப்பாக்கி, காவி பூசி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். கடலில் போகும்போது துடுப்பு வலிப்பவர்களோடு தண்ணீர் இறைக்கவே தனியாக ஓர் ஆள் உட்கார்ந்திருப்பான். எவ்வளவு பூசினாலும் கட்டுப்படகு கொஞ்சம் கசியத்தான் செய்யும்.

எல்லாத் தாரும் இதற்கு உதவாது. உங்கள் காலில் ஒட்டுகிற, அலை கொண்டுவரும் இளந்தாரை அவர்கள் மட்டமானதாகவே கருதினார்கள். படகுக்கு வேண்டியது நிலத்திலிருந்து வெட்டி எடுக்கும் கெட்டித் தார். அது தண்ணீர்க் கரையிலேயே கிடைத்ததால்தான் பட்டறை இங்கே அமைந்தது. கூடைமுடைந்த தண்ணீர்க் குடுவைகளுக்கும் தார்தான் உட்பூச்சு. தாரையும் சுட்ட கூழாங்கற்களையும் உள்ளே போட்டு உருட்டுவார்கள்.

கடலூர்க்காரரான உங்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. சென்னையில் துறைமுகம் வருமுன் கப்பலிலிருந்து ஆட்களை அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்த மசூலாப் படகுகளும் ஆணியில்லாமல் கயிற்றால் தைத்தவையே. அலையில் மோதும்போது ஆணியடித்த படகு விட்டுப்போகும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும். ஒருவரையொருவர் அறியாத இரண்டு கரைகள் ஒரே முடிவுக்கு வந்திருப்பது எங்களுக்கு வியப்பாகவே இருக்கிறது.

பார்க்க மூன்று இடங்கள் சொல்லலாம். பூங்காவின் தென்கிழக்கு முனையில், முகாம் பகுதியைத் தாண்டினால் தார்க்குழிகள். மேட்டுச் சரிவிலிருந்து தார் வழிந்து மணலில் இறங்குவதைக் கண்ணெதிரே காணலாம். வெயில் நேரத்தில் இளகியிருக்கும், செருப்போடு பிடித்துக்கொள்ளும், காலையில் போங்கள். இந்தத் தாரை வெட்டி ஒருகாலத்தில் சாலையும் போட்டார்கள். வெட்டும்போது பனியுகத்து விலங்கு, தாவரப் புதைபடிவங்கள் கிடைத்தன. அடுத்து, பூங்கா அருகில் டோமோல் வடிவில் குழந்தைகள் விளையாட்டிடம் ஒன்று இருக்கிறது. அதில் ஓங்கில் (டால்பின்) உருவங்கள் இருப்பதற்கு ஒரு கதை உண்டு. சாண்டா குரூஸ் தீவில் மக்கள் பெருகியதும் பூமித்தாய் ஹுதாஷ் வானவில்லைப் பாலமாக்கிக் கரைக்கு அனுப்பினாளாம். பாலத்திலிருந்து கீழே பார்த்துத் தலைசுற்றி விழுந்தவர்களை மூழ்க விடாமல் ஓங்கில்களாக்கினாளாம். பாலம் இறங்கியது கார்பின்டீரியா அருகிலுள்ள மலையில் என்பார்கள். மூன்றாவது, சாண்டா பார்பரா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபெர்னாண்டோ லிப்ராடோ என்ற சூமாஷ் முதியவர், மானிடவியலாளர் ஜான் ஹாரிங்டனுக்காக முன்னின்று கட்டுவித்த டோமோல் அங்கே இருக்கிறது. அந்த அறிவை வைத்துத்தான் பின்னாளில் புதுப் படகுகள் எழுந்தன. 1997இல் கட்டிய ‘எல்யேவுன்’ 2001 செப்டம்பரில் கரையிலிருந்து சாண்டா குரூஸ் தீவுக்கு 20 மைலுக்கு மேல் துடுப்பு வலித்தே போய்ச் சேர்ந்தது.

மேட்டுச் சரிவில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தால் தோண்டாதீர்கள். அவை பழைய குடியிருப்பின் மிச்சம். கல்லாயுதம், மணி எதைக் கண்டாலும் எடுப்பது குற்றம்.

கேள்வி: கடல்நாய்க் குட்டிகளைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாமா? பேரன் தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிறான். (வாசகர், மதுரை)

தொட முடியாது. மேலே மேட்டிலிருந்து பார்க்கலாம், நன்றாகவே பார்க்கலாம். கடற்கரையின் தென்கிழக்கே, பாறை மேட்டுக்குக் கீழே ‘துறைமுகக் கடல்நாய்’ (ஹார்பர் சீல்) என்ற இனம் குட்டி போடும் மணல்திட்டு இருக்கிறது. டிசம்பர் 1 முதல் மே 31 வரை அதன் இருபுறமும் 750 அடிக்குக் கடற்கரையே மூடப்படும். குட்டிகள் அதிகம் தென்படுவது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அந்த மாதங்களில் தன்னார்வலர்கள் மேட்டில் நின்று விளக்கம் சொல்வார்கள்.

நெடுஞ்சாலையில் பெய்லார்ட் அவென்யூ இறக்கத்தில் இறங்கி, மேட்டுப் பூங்காவில் காரை நிறுத்தி, மேற்கு நோக்கிக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். வழியில் தண்டவாளம் குறுக்கிடும். ரயில் ஓடும் பாதை. இருபுறமும் பார்த்துக் கடந்துவிடுங்கள், அதன்மீது நின்று படமெடுக்காதீர்கள். நாயைக் கொண்டுபோகக் கூடாது. 8 மடங்கு பெரிதாக்கும் இருநோக்கி இருந்தால் போதும்.

சத்தம் கூடாது என்று அங்கே ஏன் இத்தனை கண்டிப்பு? மிரண்டால் கூட்டம் மொத்தமும் தண்ணீருக்குப் பாயும். தாய் குட்டியை மோப்பத்தாலும் குரலாலும் அடையாளம் காண்கிறது. அந்தக் கலவரத்தில் பிரிந்த குட்டி தாயைத் தேடிச் சேராமலே போகலாம். பாலூட்டும் காலமே நான்கிலிருந்து ஆறு வாரம்தான். அதில் சில நாள் பட்டினி என்றால் குட்டி பிழைப்பது கடினம். வேறெங்காவது மணலில் தனியாக ஒரு குட்டி கிடந்தாலும் 50 கஜம் தள்ளியே நில்லுங்கள். தண்ணீர் ஊற்றுவது, கடலில் தள்ளிவிடுவது இரண்டும் தவறு. தாய் இரைதேடப் போயிருக்கலாம். பூங்கா ஊழியரிடம் சொன்னால் அவர்கள் மீட்பு மையத்துக்குத் தெரிவிப்பார்கள். 1972ஆம் ஆண்டின் கடற்பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டப்படி தொந்தரவு செய்வதே குற்றம்.

பேரனுக்கு ஒரு வேலை கொடுங்கள். காது மடல் தெரிந்து, முன்துடுப்பை ஊன்றி நடந்தால் அது கடற்சிங்கம். காது வெறும் துளையாக இருந்து, வயிற்றால் புழுபோல் நெளிந்து நகர்ந்தால் கடல்நாய்.

கேள்வி: பாறைக் குட்டைகளில் நட்சத்திர மீன் பார்க்கலாம் என்று போனோம். வெறும் அலைதான் அடித்தது. (வாசகி, கோவை)

கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்க்காமல் போயிருப்பீர்கள். சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவே என்பதால் நாம் அதைக் கவனித்துப் பழகியதில்லை. அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மீட்டரைத் தாண்டும். சாண்டா பார்பராவுக்கான அட்டவணையில் வற்றத்தின் அளவு பூஜ்யத்துக்குக் கீழே, அதாவது கழித்தல் குறியோடு இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். கழித்தல் 1 அடி என்றால் அருமை. குளிர்காலத்தில் இந்தப் பெருவற்றம் பிற்பகலில் வரும். கோடையில் விடியற்காலையில் வந்துவிடும், தூங்கி எழுந்து போவதற்குள் தண்ணீர் ஏறிவிடும். வற்ற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், நீர் திரும்பியதும் கிளம்பிவிடுங்கள்.

பாசி படிந்த பாறை வழுக்கும். ரப்பர் அடிப்பாகமுள்ள மூடிய காலணி வேண்டும். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். கல்லைப் புரட்டினால் அதே பக்கமாகத் திருப்பி வையுங்கள். அடியில் ஒட்டிய உயிர்கள் வெயிலில் காய்ந்து செத்துவிடும். நட்சத்திர மீனைப் பிய்த்து எடுத்தால் அதன் குழாய்க் கால்கள் அறுந்துபோகும். 2013 முதல் பரவிய நோயில் இந்தக் கரையோரத்தில் அவை ஏராளமாக மடிந்தன. அதனால் ஒன்றே ஒன்று கண்ணில் பட்டாலும் நல்ல நாள்தான். துறவி நண்டு, கடல் அனிமோன், கல்மட்டி தாராளமாக இருக்கும்.

கேள்வி: ‘உலகிலேயே பாதுகாப்பான கடற்கரை’ என்கிறார்களே, பயமில்லாமல் குளிக்கலாமா? (வாசகர், சேலம்)

அது ஊர்க்காரர்களின் பழைய விளம்பர வாசகம். கரைக்கு அப்பாலுள்ள பாறைத்திட்டு அலையின் வேகத்தைக் குறைப்பதும், மணல் மெதுவாகச் சரிவதும் உண்மை. ஆனால் தண்ணீர் குளிர் எலும்பைத் துளைக்கும்: குளிர்காலத்தில் 13, 14 டிகிரி செல்சியஸ், கோடையிலும் 20ஐத் தொடுவது அபூர்வம். வயதானவர்கள் முழங்காலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உயிர்காப்பாளர்கள் கோபுரத்தில் இருப்பது பெரும்பாலும் கோடையில்தான். கடல் உள்ளே இழுத்தால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியே வாருங்கள்.

மணலில் புதைந்து கிடக்கும் திருக்கைதான் இங்கே உண்மையான தொல்லை. காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அதிர்வு கேட்டு விலகிவிடும். குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் காலை 30 முதல் 90 நிமிடம் வையுங்கள், வலி குறையும். கால் வலியில் சூடு உறைக்காது, அதனால் வெந்நீரை வேறொருவர் கைவிட்டுப் பார்க்க வேண்டும். முள் உள்ளே முறிந்திருந்தால், மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனை.

மழை பெய்தால் மூன்று நாள் கடலில் இறங்காதீர்கள், முக்கியமாகக் கார்பின்டீரியா ஓடை கலக்கும் இடத்தில். மழைநீர் ஊரிலிருந்து அடித்துவரும் அழுக்கு அதில் வந்து சேரும்.

கேள்வி: இரவில் மீன்கள் தாமாகக் கரையேறும் என்பது நிஜமா? (வாசகர், நாகப்பட்டினம்)

நிஜம். கிரனியன் என்ற ஐந்தாறு அங்குல வெள்ளி மீன். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பிந்திய மூன்று நான்கு இரவுகளில், உச்ச ஏற்றம் கழிந்த இரண்டு மணி நேரத்துக்குள் மணல் கரைகளில் ஏறும். பெண்மீன் வால் முதலாக மணலில் புதைந்து நின்று முட்டையிடும். அடுத்த பெரிய ஏற்றம் வந்து நனைக்கும்போது முட்டை பொரியும். எதிர்பார்க்கும் தேதிகளை மாநில மீன்வளத் துறை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. விளக்கடித்தால் முதல் மீன்கள் திரும்பிவிடும், இருட்டில் காத்திருங்கள். ஏப்ரல், மே, ஜூனில் பார்க்க மட்டுமே அனுமதி. மற்ற மாதங்களில் வெறுங்கையால் ஓர் ஆளுக்கு 30 மீன் வரை. வலை, குழி எதுவும் கூடாது, 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உரிமமும் வேண்டும்.

கேள்வி: எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான். எந்த மாதம் போவது? கார் இல்லை. (வாசகி, தஞ்சாவூர்)

பிப்ரவரி கடைசி அல்லது மார்ச். கடல்நாய்க் குட்டிகள், பிற்பகல் பெருவற்றம், வடக்கே திரும்பும் சாம்பல் திமிங்கிலங்கள் மூன்றும் ஒன்றுசேரும் காலம். மே, ஜூனில் காலை முழுக்க மூடுபனி.

லாஸ் ஏஞ்சலீஸ் யூனியன் நிலையத்தில் பசிபிக் சர்ஃப்லைனர் ரயிலில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரம். கடல் பக்கமான இடதுபுறம் உட்காருங்கள். நிலையத்திலிருந்து கடற்கரை ஐந்து நிமிட நடை. நடந்து வருபவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. காரில் வருபவர்களுக்கு நாள் கட்டணம் 10 டாலர் அளவில் இருக்கும். காலையில் தார்க்குழிகள், அங்கிருந்து மேட்டுப் பாதையில் கடல்நாய்கள், மதிய உணவு, பிற்பகலில் பாறைக் குட்டைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோற்றுப் பொட்டலத்தைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள், கடற்காக்கைகள் தயிர்சாதத்தையும் விடுவதில்லை. திரும்பும் ரயில்கள் குறைவு; கடைசி ரயிலின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.