"ஃபேர்"னா என்னதான் சார்? – காரைக்குடியிலிருந்து ஒரு கேள்வி பதில்

இந்த வாரம் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டேன். கல்யாண விளம்பரம், ரேஷன் கடைப் பலகை, ஆஸ்பத்திரிச் சீட்டு, பிள்ளைகளின் நோட்டு அட்டை என்று எங்கே பார்த்தாலும் கண்ணில் படுகிற "ஃபேர்". முப்பது வருஷத்துக்கு மேல் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்தி ஓய்ந்தவன் நான். ஒரு சொல்தானே, நாலு கேள்வி வந்தால் அதிகம் என்று நினைத்தேன். தப்புக் கணக்கு.

கோட்டையூரிலிருந்து: எங்க அப்பத்தாவை நேத்துத்தான் ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டியாந்தோம். சீட்டுல "ஜி.சி. ஃபேர்"னு போட்டிருக்கு. ஃபேர்னா சுமார்னு அகராதி சொல்லுது. சுமாரா இருக்கிறவுகளை ஏன் சார் வீட்டுக்கு அனுப்பினாக?

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பயப்படாதீங்கம்மா. ஜி.சி. என்பது ஜெனரல் கண்டிஷன், அதாவது பொதுவான உடல்நிலை. டாக்டர் எழுதுகிற ஃபேருக்கு "கவலைப்படும்படி எதுவும் தெரியவில்லை" என்று அர்த்தம். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் நிலையைக் குட், ஃபேர், சீரியஸ், கிரிட்டிகல் என்று படிப்படியாகச் சொல்வார்கள். அதில் இது மேலிருந்து இரண்டாவது படி. நம் ஊர் டிஸ்சார்ஜ் சீட்டுகளிலோ வீட்டுக்குப் போகிற பெரும்பாலானவர்களுக்கு இதே இரண்டு வார்த்தைதான். ஆனாலும் அப்பத்தாவுக்குச் சோர்வோ வலியோ இருந்தால் சீட்டு கொடுத்த டாக்டரைக் கேளுங்கள். நான் சொல்லுக்கு மட்டும்தான் வைத்தியன்.

காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெரு, பழைய சாமான் கடைக்காரர்: அண்ணே, ஒரு எனாமல் தூக்குச்சட்டியைப் படம் எடுத்து வெளிநாட்டு ஆள் ஒருத்தருக்கு அனுப்பினேன். நல்லாத்தானே இருக்குன்னு "கண்டிஷன் ஃபேர்"னு எழுதினேன். மனுசன் பாதி விலைக்குக் கேக்குறாரு!

உங்கள் வாயாலேயே உங்கள் சரக்கை மட்டம் தட்டிவிட்டீர்கள் தம்பி. பழம்பொருள், பழைய புத்தக வியாபாரத்தில் வேறு ஏணி. ஃபைன், வெரி குட், குட், ஃபேர், புவர். எண்ணிப் பாருங்கள், கடைசிக்கு முந்தின படியில் நிற்கிறீர்கள். அந்த ஏணியில் "குட்" என்றாலே கொஞ்சம் அடிபட்டது என்றுதான் வாங்குகிறவர் எடுத்துக்கொள்வார். எனவே அடுத்த தடவை ஏணியே வேண்டாம். "விளிம்பில் இரண்டு இடத்தில் எனாமல் பெயர்ந்திருக்கிறது, கைப்பிடி உறுதி, ஓட்டை இல்லை" என்று உள்ளதை எழுதுங்கள். விலை தானாக நிற்கும்.

அழகப்பா பல்கலைக்கழக மாணவி: ஆஸ்பத்திரியில் பரவாயில்லை, கடையில் மட்டம், கோர்ட்டில் நியாயம், கண்ணாடி முன்னால் நிறம். ஒரே சொல் எப்படி சார் இத்தனை வேஷம் போடுகிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் "ஃபேகர்". அன்றைக்கு அழகானது, இனிமையானது என்பதே பொருள். அழகான வானம் என்றால் மழையில்லாத வானம், அதனால் ஃபேர் வெதர். அழகான எழுத்து என்றால் அடித்தல் திருத்தல் இல்லாதது, அதனால் ஃபேர் காப்பி. நடத்தையில் கறை இல்லையென்றால்? 14-ஆம் நூற்றாண்டுக்குள் நியாயம் என்ற பொருளும் ஏறிவிட்டது. கறையில்லாதது என்பதுதான் இத்தனைக்கும் நடுவில் ஓடுகிற நூல்.

இதைக் கேட்டு ஆங்கிலத்தைப் பழிக்க வேண்டாம், நம் வீட்டிலேயே இதற்கு ஒரு இரட்டைப் பிள்ளை உண்டு. செம்மை. சிவப்பும் செம்மைதான், நேர்மையும் செம்மைதான், அழகும் ஒழுங்கும் அதே சொல்தான். வளையாத கோல் செங்கோல். அரசன் நியாயமாக ஆள்வதை வள்ளுவர் "செங்கோன்மை" என்ற தலைப்பில் வைத்தார். பிழை நீக்கிப் போட்ட பதிப்பு செம்பதிப்பு. நிறம், நியாயம், பிழையற்ற படி என்று ஃபேர் நடந்த தெருவிலெல்லாம் செம்மையும் நடந்திருக்கிறது. ஒரே ஒரு இடத்தில்தான் பிரிந்தார்கள். ஃபேர் நாளாக நாளாகத் தேய்ந்து "பரவாயில்லை" ரகத்துக்கு இறங்கிவிட்டது. செம்மை இறங்கவில்லை. அந்த வேலைக்கு நாம் பாரசீகத்திலிருந்து ஆள் எடுத்தோம், சுமார். அங்கே அது எண்ணிக்கை. இங்கே வந்து "சுமார் நூறு பேர்" ஆகி, பிறகு "படம் சுமார்" ஆகிவிட்டது.

பள்ளத்தூரிலிருந்து: எங்க ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதான் வியாபாரம் பார்க்கப் போனவுக. டிரங்குப் பெட்டியில வெள்ளைக்காரர் ஒருத்தர் கொடுத்த நற்சான்றுக் கடிதம் கிடைச்சது. "ஹி ரைட்ஸ் எ ஃபேர் ஹேண்ட், ஹேஸ் எ ஃபேர் நாலெட்ஜ் ஆஃப் இங்கிலீஷ், அண்ட் இஸ் ஃபேர் இன் ஆல் ஹிஸ் டீலிங்ஸ்"னு இருக்கு. மூணும் ஒண்ணா?

எப்பேர்ப்பட்ட கடிதம்! அதைச் செல்லோடேப் போட்டு ஒட்டிவிடாதீர்கள், நாளாவட்டத்தில் பசை தாளைத் தின்றுவிடும்.

மூன்றும் மூன்று. முதல் ஃபேர் பழைய பொருள், அழகு. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்கிறார். தட்டச்சு இயந்திரம் பரவாத காலத்தில் அது ஒரு தொழில் தகுதி. இரண்டாவது தேய்ந்த பொருள், ஓரளவு. ஐயாவுக்கு ஆங்கிலம் தட்டுத் தடுமாறாமல் வரும், அதற்கு மேல் அந்தத் துரை புகழவில்லை. மூன்றாவது நேர்மை. கொடுக்கல் வாங்கலில் கை சுத்தம்.

வெள்ளைக்காரர் வேண்டுமென்றே வார்த்தை விளையாட்டு விளையாடினாரா என்று கேட்டால், இல்லை என்பதே என் கணிப்பு. அந்தக் கால நற்சான்றுகளில் இவையெல்லாம் வார்ப்புத் தொடர்கள். ஆனால் வட்டிக்கடையில் கீழ்ப்படி வேலையான பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி அடுத்தாள், மேலாள் என்று உயர்ந்த நம் ஆட்களுக்கு இந்த மூன்றும் தேவைப்பட்டன. சிட்டையில் கிறுக்கியதைப் பேரேட்டில் எழுதும்போது முதல் ஃபேர். வெளியாளோடு பேசும்போது இரண்டாவது. வட்டிக் கணக்கில் மூன்றாவது. மூன்றாவது இல்லாதவரை மறு கணக்குக்கு, அதாவது அடுத்த தவணை வேலைக்கு, யார் அனுப்புவார்கள்?

தேவகோட்டையிலிருந்து: மகளுக்கு வரன் பார்க்கிறோம். பிள்ளை மாநிறம். தரகர் "ஃபேர்னு போடுங்க, எல்லாரும் அப்படித்தான் போடுறாக" என்கிறார். போடலாமா?

போடாதீர்கள். பொய் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஃபேர் என்று பார்த்து வருகிறவர் எதைத் தேடி வருகிறார் என்பது உங்களுக்கே தெரியும். அவர் வீட்டு வாசலிலிருந்து திரும்பிப் போவதைவிட விளம்பரத்தோடு தாண்டிப் போவது நல்லது.

சொல்லைப் பற்றியும் கொஞ்சம். இங்கிலாந்தில் ஒருவரை ஃபேர் என்றால் அனேகமாக அவர் தலைமுடியும் சேர்த்தி. பொன்னிற முடி, வெளிர் தோல். கறுப்பு முடிக்காரரை அங்கே "டார்க்" என்பார்கள், அவர் வெள்ளைக்காரராகவே இருந்தாலும். நம் ஊர் விளம்பரத்து ஃபேர் முடியை விட்டுவிட்டுத் தோலை மட்டும் பிடித்துக்கொண்டது. அழகுக்கான சொல் நிறத்தின் பெயராகச் சுருங்கியது அவர்கள் கதை. நாமோ நிறத்தையே அழகாக்கிவிட்டோம். "பொண்ணு நல்ல நிறம்" என்கிறோம். எந்த நிறம் என்று சொல்வதே இல்லை! 1975-இல் "ஃபேர் அண்ட் லவ்லி" என்ற பெயரோடு வந்த முகப்பூச்சு 2020-இல் ஃபேரைத் தூக்கிவிட்டு "குளோ அண்ட் லவ்லி" ஆயிற்று. கம்பெனிக்காரனே கைவிட்ட சொல்லைத் தரகர் ஏன் பிடித்துத் தொங்குகிறார்?

செக்காலை, வீட்டுக்காரர் ஒருவர்: குடியிருப்பவர் "ஃபேர் ரெண்ட்தான் தருவேன்" என்கிறார். அவருக்கு நியாயமாகப் படுகிற வாடகையா, எனக்குப் படுகிறதா?

இரண்டும் இல்லை. அது ஒரு கணக்கு. 1960-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஃபேர் ரெண்ட், அதாவது நியாய வாடகை, என்று ஒன்று உண்டு. மனையின் சந்தை மதிப்பையும் கட்டடச் செலவையும் கூட்டி, குடியிருப்பு என்றால் ஆண்டுக்கு 9 சதவீதம், மற்றவற்றுக்கு 12 சதவீதம். நியாயத்தைச் சதவீதத்தில் எழுதிய சட்டம்! 2019 பிப்ரவரியில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து அதை மாற்றிவிட்டது. இப்போது எழுத்தில் போட்ட ஒப்பந்த வாடகைதான் அடிப்படை. உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். என்னிடம் இருப்பது அகராதிதான்.

கானாடுகாத்தான், சமையல் வீடியோ போடுகிறவர்: அடுத்தவர் பாட்டைப் பத்து விநாடி போட்டால் "ஃபேர் யூஸ்" என்கிறார்களே?

இத்தனை விநாடி வரை சும்மா என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஃபேர் யூஸ் அமெரிக்கச் சொல், 1976 பதிப்புரிமைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு. இந்தியாவில் 1957 சட்டத்தின் 52-ஆம் பிரிவில் இருப்பது "ஃபேர் டீலிங்". சொந்த ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி போன்றவற்றுக்கு அது. கந்தரப்பம் வேகிற சத்தமே போதுமே, அதற்குப் பின்னால் பாட்டு எதற்கு?

புதுவயலிலிருந்து துண்டுத் துண்டாக: ரேஷன் கடை ஏன் ஃபேர் பிரைஸ் ஷாப்? பஸ் ஃபேர் எந்த ஃபேர்? புக் ஃபேர்? "ஃபேர் இனஃப்"?

ரேஷன் கடையில் இருப்பது நியாயம் என்ற ஃபேர். மலிவு என்றல்ல, சரியான விலை என்று பொருள். 2011-இலிருந்து அரிசி விலையில்லாமல் தருகிறார்கள், பலகையில் நியாயவிலை அப்படியே நிற்கிறது. பஸ் ஃபேர் ஆங்கில எழுத்திலேயே வேறு, பயணம் என்ற பழைய வினையிலிருந்து வந்தது. "ஃபேர்வெல்" அதன் உறவு. நல்லபடியாகப் பயணம் போ என்பதே அது, நாம் "போய் வாங்க" என்கிற மாதிரி. புக் ஃபேர் எழுத்தில் ஒன்று, பிறப்பில் வேறு. லத்தீனில் "ஃபெரியா" என்றால் திருநாள். திருநாள் வந்த இடத்தில் கடை வந்தது, கடை நிலைத்துப் பெயரையும் எடுத்துக்கொண்டது. பிள்ளையார்பட்டி சதுர்த்திக் கடைகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். "ஃபேர் இனஃப்" என்றால் "முழுக்க ஒத்துக்கலை, ஆனா நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு".

ஆத்தங்குடியிலிருந்து: நாலாவது படிக்கிற என் மகன் தாயம் ஆடும்போது தோற்றால் போதும், "நாட் ஃபேர், நாட் ஃபேர்" என்று கத்துகிறான். அவன் ஆயாவுக்கு (பாட்டிக்கு) அது புரியவில்லை. தமிழில் எப்படிச் சொல்வது சார்? "நியாயமில்லை" என்றால் கோர்ட்டில் நிற்பது போல இருக்கிறது.

"அழுகுணி ஆட்டம்" என்று சொல்லச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகளிடம் என்றால் "போங்கு". ஆனால் ஆயாவிடம் சொல்லுமுன் யோசிக்கச் சொல்லுங்கள். தாயத்தில் ஆயாக்கள் எப்படிக் காய் நகர்த்துவார்கள் என்பது எனக்குத் தெரியும், பிள்ளை கத்துவது அனேகமாகச் சரியாகத்தான் இருக்கும்.